முகப்பு விளக்கின் சிமிட்டலும் அதன் பொருள் மயக்கமும்

அந்தமான் தீவுகளில் பொழுது விரைவில் சாய்கிறது. இந்திய நாட்டின் நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை ஆதாரமாகக் கொண்டு கணிக்கப்படுவது. போர்ட் பிளேர் நகரமோ (2024 செப்டம்பரில் இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் அறிவிக்கப்பட்டது) ஏறத்தாழ 92.7 பாகையில் அமைந்துள்ளது. பாகை ஒன்றுக்கு 4 நிமிடம் வீதம் கணக்கிட்டால், அங்குச் சூரியன் கடிகாரத்தினும் சுமார் 41 நிமிடம் முந்திச் செல்வது விளங்கும். ஆதலால் நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் மாலை 5 மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகிறது. அலுவலகப் பணி முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளையும், வண்டிகளின் முகப்பு விளக்குகளை ஏற்றும் வேளையும் அங்கு ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

அந்நகரின் துறைமுகத்தை ஒட்டிய ஃபீனிக்ஸ் பே, கடல் வழியும் தரை வழியும் கூடுமிடம். ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் (2018 வரை இவை ஹேவ்லாக், நீல் எனப்பட்டன) முதலிய தீவுகளுக்குச் செல்லும் கப்பல்கள் இங்குள்ள படகுத்துறையிலிருந்து புறப்படுகின்றன. நீரில் கலமோட்டுவோரும் தரையில் வண்டியோட்டுவோரும் இருளில் ஒளியைக் கொண்டே ஒருவரோடொருவர் பேச வேண்டியவர்களாய் இருக்கின்றனர். ஆயின் கடலில் வழங்கும் ஒளிமொழிக்கு அகராதி உண்டு. சாலையில் வழங்குவதற்கு அஃது இல்லை. இவ்வேறுபாட்டால் விளையும் தீங்கு சிறிதன்று.

கடலின் முறையை முதலில் காண்போம். 1972இல் வகுக்கப்பெற்று 1977 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில், 34ஆம் விதி இதுபற்றிக் கூறுகிறது. இரண்டு கப்பல்கள் ஒன்றையொன்று காணும் நிலையில், இயந்திரக் கப்பலொன்று விதிகளுக்கு இணங்கத் தன் போக்கை மாற்றுமாயின், அதனை ஊதல் ஒலியால் அறிவித்தல் வேண்டும். உடன் விளக்கையும் சிமிட்டிக் காட்டலாம். ஒரு சிமிட்டல் ‘வலப்புறம் திரும்புகிறேன்’ என்றும், இரண்டு சிமிட்டல்கள் ‘இடப்புறம் திரும்புகிறேன்’ என்றும், மூன்று ‘இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்குகிறேன்’ என்றும் பொருள்படும். ஒவ்வொரு சிமிட்டலும் ஏறத்தாழ 1 விநாடி நீடிக்க வேண்டும், இடைவெளியும் அவ்வளவே. ஒரு சமிக்ஞைக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 10 விநாடி கழிய வேண்டும்.

இவற்றினும் கருதத்தக்கது ஐந்து சிமிட்டல்களின் பொருளாகும். எதிர்வரும் கப்பலின் நோக்கம் விளங்காதபோதும், மோதலைத் தவிர்க்க அது போதிய முயற்சி செய்கிறதா என்னும் ஐயம் எழும்போதும், குறைந்தது ஐந்து குறுகிய ஒலிகளை விரைந்து எழுப்ப வேண்டும். அவ்வாறே ஐந்து விரைவான சிமிட்டல்களையும் காட்டலாம். ‘உமது கருத்து எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்வதற்கென்றே கடலோர் ஒரு சொல்லை ஒதுக்கி வைத்திருக்கின்றனர். சாலையில் அத்தகைய சொல் ஒன்றும் இல்லை.

மற்றொன்றும் உண்டு. குறுகிய கால்வாயில் ஒரு கப்பல் மற்றொன்றை முந்த வேண்டி, அதற்கு முன்செல்லும் கப்பலின் ஒத்துழைப்பும் தேவைப்படுமாயின், பின்வருவது இரண்டு நீண்ட ஊதல்களும் ஒரு குறுகிய ஊதலும் எழுப்பி, ‘உமது வலப்புறமாக முந்த விரும்புகிறேன்’ என்று அறிவிக்கிறது. முன்செல்லும் கப்பலுக்குச் சம்மதமாயின் நீண்டது, குறுகியது, நீண்டது, குறுகியது என நான்கு ஊதல்களால் மறுமொழி தருகிறது. மோர்ஸ் விளக்கால் செய்தி அனுப்பும்போதும் இதே நியதிதான்: ஒவ்வொரு சொல்லும் கிடைத்தவுடன், பெறுபவர் ஒரு நீண்ட சிமிட்டலால் ‘பெற்றேன்’ என்று தெரிவித்தல் வேண்டும். கேள்வியும் உண்டு, விடையும் உண்டு.

இனிச் சாலைக்கு வருவோம். குறுகிய பாலம் ஒன்றின் இரு முனைகளிலும் இரு வண்டிகள் வந்து சேர்கின்றன. ஒன்று தன் முகப்பு விளக்கை இருமுறை சிமிட்டுகிறது. நம் நாட்டுச் சாலைகளில் வழங்கும் மரபுப்படி இதன் பொருள், ‘நான் வருகிறேன், நீ நில்’ என்பதாகும். முதலில் சிமிட்டியவர் வழியைத் தமதாக்கிக்கொண்டார் என்பது எழுதப்படாத விதி. பிரிட்டனில் அதே பாலத்தில் அதே சிமிட்டலைக் காணும் ஓட்டுநர் பெரும்பாலும், ‘நான் நிற்கிறேன், நீர் வரலாம்’ என்று பொருள் கொள்வார். ஒரே ஒளி, நேர்மாறான இரு பொருள்கள்.

சென்னையில் வண்டியோட்டப் பழகிய ஒருவர் லண்டனில் அச்சிமிட்டலைக் கண்டால் நின்றுவிடுவார். எதிரே உள்ளவரும் நிற்பார். இருவரும் சிறிது நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பர். இழப்பு சில விநாடிகளே. லண்டனில் பழகியவர் தமிழ்நாட்டுச் சாலையில் அதே சிமிட்டலை அழைப்பென்று கருதிப் பாலத்தினுள் வண்டியைச் செலுத்துவாராயின், எதிரே வருவது நிற்கப்போவதில்லை. அழைப்பை எச்சரிக்கையாகக் கொள்ளும் பிழை நேரத்தை விழுங்குகிறது. எச்சரிக்கையை அழைப்பாகக் கொள்ளும் பிழை உயிரை விழுங்குகிறது. இவ்விரு பிழைகளும் சமமானவையல்ல என்பதே இப்பொருள் குறித்து ஓட்டுநர்களுக்கு முதற்கண் எடுத்துரைக்க வேண்டியது.

பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு அந்நாட்டு வழக்கத்தையே ஏற்பதில்லை என்பது வியப்புக்குரியது. தாம் அவ்விடத்தில் இருப்பதைப் பிறருக்குத் தெரிவிப்பதற்காக மட்டுமே விளக்கைச் சிமிட்டலாம் என்றும், பிறர் சிமிட்டுவதை வரச் சொல்லும் அழைப்பாக ஒருபோதும் கருதலாகாது என்றும் அத்தொகுப்பு கூறுகிறது. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் இதனை ஒலிப்பானின் உடன்பிறப்பாகவே கருதுகிறது: இருள் சூழ்ந்த பின் ஒலிக்குப் பதில் ஒளியால் எச்சரிக்கலாம், குடியிருப்புப் பகுதிக்கு வெளியே முந்திச் செல்லும்பொருட்டுப் பகலிலும் அவ்வாறு செய்யலாம். நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் வேகம் குறைத்தல், நிறுத்தல், வலம் திரும்பல், இடம் திரும்பல், பின்வருவோரை முந்த விடுதல் ஆகியவற்றுக்குக் கைச் சமிக்ஞைகளை வகுத்திருந்தன. வலக்கையை நீட்டி அசைக்கும் விதம் ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றை மற்றொன்றாக மயங்குவதற்கு இடமில்லை. விளக்கின் சிமிட்டல் அவ்வரிசையில் இடம்பெறவேயில்லை. அவ்விதிகளுக்குப் பதிலாக 2017இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன.

சிமிட்டலின் மற்றொரு குறை, அதற்கு முகவரி இல்லாமை. கையசைப்பவர் யாரை நோக்கி அசைக்கிறார் என்பது அவர் முகத்தால் விளங்கும். விளக்கொளியோ முன்னே உள்ள அனைவர் கண்ணிலும் படுகிறது. ஒரு பேருந்து சாலையோரம் நிற்கும் காரைப் பார்த்துச் சிமிட்டினால், எதிரே வரும் மோட்டார் சைக்கிளும், கடக்கக் காத்திருக்கும் பாதசாரியும் அதனைத் தத்தமக்குரியதாகக் கொள்ளக்கூடும். இங்கிலாந்தில் 1969ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற வழக்கொன்று இதற்குச் சான்று. பேருந்து ஓட்டுநர் ஒருவர் விளக்கைச் சிமிட்டிக் கார் ஒன்றுக்கு வழிவிட்டார். கார் பேருந்தின் முன்னே வெளிப்பட்டபோது, பேருந்தைக் கடந்து வந்த சிறு மோட்டார் சைக்கிளொன்று அதனோடு மோதியது. சிமிட்டியவர் மீது குற்றமில்லை என மேல்முறையீட்டு நீதிமன்றம் கொண்டது. தம்மைப் பொறுத்த அளவில் தடையில்லை என்பதற்கு மேல் அச்சிமிட்டல் எதனையும் சொல்லவில்லை என்பதே அதன் கருத்து. பேருந்துக்கு அப்பால் என்ன வருகிறது என்பதற்குப் பேருந்தின் விளக்கு பொறுப்பேற்க இயலாதன்றோ? (சிமிட்டல் ஒரு பேச்சுத்தான் என்று அமெரிக்க நீதிமன்றமும் கூறியிருக்கிறது. முன்னே போலீசார் வேகம் அளப்பதை எதிர்வருவோருக்கு விளக்கால் அறிவிப்பது அரசியல் சட்டத்தின் பாதுகாப்புக்குரிய பேச்சு என 2014இல் மிசௌரியில் உள்ள மத்திய நீதிமன்றம் கொண்டது.)

ஓட்டுநர் எண்ணாமலே சிமிட்டல் தோன்றுவதும் உண்டு. தாழ்ந்த ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு, 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 மீட்டர் இறங்கும் சாய்வில், அஃதாவது சுமார் அரைப்பாகை அளவே தாழ்த்தி வைக்கப்படுகிறது. சக்கரங்களுக்கிடையே 2.5 மீட்டர் நீளமுள்ள காரின் முன்சக்கரம் 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயர்ந்தாலே வண்டி 1 பாகை நிமிர்ந்துவிடும். வேகத்தடையின் மேல் ஏறியிறங்கும் வண்டியின் விளக்கு, எதிரே உள்ளவர் கண்ணுக்குச் சிமிட்டியதாகவே தோன்றும். மேடும் பள்ளமுமான போர்ட் பிளேர் தெருக்களில் சரிவின் உச்சியைத் தாண்டும் ஒவ்வொரு வண்டியும் இவ்வாறு, தான் அறியாமலே, எதையோ சொல்லிவிட்டுப் போகிறது. பின்புறம் மிகுந்த பாரம் ஏற்றிய வண்டியின் ஒளி எப்போதும் மேல்நோக்கியே இருக்கும்.

சிமிட்டலின் கால அளவுக்கும் பொருள் உண்டு. கண நேரம் தோன்றும் ஒளி, அதே வலிமையுடன் நிலையாக எரியும் ஒளியைவிட மங்கியே புலப்படுகிறது. இதனைப் பிளாண்டெல், ரே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1911இல் ஒரு சூத்திரமாக வகுத்தனர். ஒளி நீடிக்கும் காலத்தை, அக்காலத்தோடு 0.2 விநாடியைக் கூட்டி வரும் தொகையால் வகுத்தால், புலப்படும் வலிமையின் பின்னம் கிடைக்கும். 0.1 விநாடிச் சிமிட்டல் மூன்றில் ஒரு பங்காகவும், 0.2 விநாடிச் சிமிட்டல் பாதியாகவும், 1 விநாடிச் சிமிட்டல் ஆறில் ஐந்து பங்காகவும் தோன்றும். கடல் விதியின் 1 விநாடி எத்துணைப் பொருத்தமானது என்பது இதனால் விளங்கும். இச்சூத்திரம் தொலைவில் உள்ள மங்கலான ஒளிக்கே பொருந்துவது என்பதை ஆசிரியர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அண்மையில் நிலைமை வேறு. அங்கே குறைவன்று, மிகையே இடர். இருளுக்குப் பழகிய விழித்திரை முழுக் கூர்மை பெற ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகிறது. வலிய ஒளிக்கற்றை ஒருமுறை பட்டதும் அப்பழக்கத்தின் பெரும்பகுதி குலைந்து, சில விநாடிகளுக்குச் சாலையோரம் நடப்பவர் உருவே தெரியாமல் போகலாம். முதியோரின் கண் தெளிவதற்கு இன்னும் மிகுதியான நேரம் வேண்டும். டங்ஸ்டன் இழை விளக்கு முழுப் பிரகாசம் அடையச் சிறிது நேரம் கொள்ளும், எல்.இ.டி. விளக்கு நொடிப்பொழுதும் தாமதியாமல் முழு வலிமையுடன் எரிகிறது. ஆகவே பழைய வண்டியின் குறுஞ்சிமிட்டல் மென்மையாகவும், புதிய வண்டியினுடையது அறைந்தாற்போலவும் தோன்றுகிறது.

எதிரெதிரே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரு வண்டிகள், விநாடிக்கு 33 மீட்டர் வீதம் ஒன்றையொன்று நெருங்குகின்றன. சிமிட்டலின் பொருள் யாது என ஒருவர் ஒன்றரை விநாடி சிந்தித்தால், இடைவெளியில் 50 மீட்டர் குறைந்துவிடுகிறது. கண்ணும் கூசியிருக்குமாயின் அவர் சிந்திப்பது இருளில்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் (1989) 106ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒளியைத் தாழ்த்தி அமைக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் போலீசார் வண்டிகளை நிறுத்தி விளக்கின் நடுவே கறுப்பு வில்லை ஒட்டுவது இக்கூச்சத்தைக் குறைப்பதற்கே. ஒளியின் அளவை அது ஓரளவு குறைக்கிறது. ஒளி சொல்வதன் குழப்பத்தைக் குறைப்பதில்லை.

அண்மைக் காலத்தில் ஒரு பழைய பொருள் வழக்கிழந்துவிட்டது. பகலில் விளக்கை அணைக்க மறந்து வரும் மோட்டார் சைக்கிளைக் கண்டால், எதிர்வருவோர் விளக்கைச் சிமிட்டியோ விரல்களைக் குவித்து விரித்தோ நினைவூட்டுவது நல்லெண்ணம் மிக்க வழக்கமாய் இருந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் இயந்திரம் ஓடும்வரை விளக்கும் எரியுமாறு அமைத்தல் கட்டாயமாக்கப்பட்டது. அவ்விளக்கை அணைக்கவே இயலாது. எனினும் நினைவூட்டுவோர் உடனே ஓயவில்லை. நினைவூட்டப்படுபவரோ ‘முன்னே ஏதோ ஆபத்து’ என்று கருதித் திகைப்பதும் நேர்கிறது. நெடுஞ்சாலை லாரிகளின் பக்கக் குறிவிளக்கும் இத்தகையதே. திரும்புவதற்கென அமைந்த அவ்விளக்கால், பின்வருவோரை முந்தச் சொல்வதும் தடுப்பதும் இரவில் வழக்கமாகிவிட்டது. லாரி உண்மையிலேயே திரும்பப் போகும்போது பின்வருபவர் அதனை எவ்வாறு அறிவார்?

ஃபீனிக்ஸ் பேயின் நீர்ப்பக்கம் இவ்வாறு ஊகத்துக்கு விடப்படவில்லை. கலங்கரை விளக்கம் ஒவ்வொன்றும் தனக்கென விதித்த கால இடைவெளியில் மட்டுமே ஒளிர்கிறது. அந்த இடைவெளி விளக்குப் பட்டியலில் அச்சிடப்பட்டுள்ளது. மாலுமி கடிகாரத்தைக் கையில் கொண்டு எண்ணிப் பார்த்து, இஃது இன்ன விளக்கம் என்று துணிகிறார். வா என்றோ நில் என்றோ அது சொல்வதில்லை. இவ்விடத்தில் இருக்கிறேன் என்ற ஒன்றையே ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சாலை விளக்கின் சிமிட்டலுக்கும் ஐயத்திற்கிடமின்றிக் கொள்ளக்கூடிய பொருள் அவ்வளவே.

பள்ளிகளில் இதனைச் செய்து காட்டுவது எளிது. வகுப்பறையின் சன்னல்களை மூடி, ஆசிரியர் கைவிளக்கை ஒருமுறை சிமிட்டிக் காட்டி, ‘இவ்வண்டி என்ன சொல்லிற்று?’ என்று வினவி, ஒவ்வொரு மாணவரும் பிறரைக் கலக்காமல் ஒரே வரியில் விடை எழுதுமாறு கூறலாம். பின்னர் 34ஆம் விதியின் மூன்று சமிக்ஞைகளைக் கரும்பலகையில் எழுதி விளக்கி, அவற்றுள் ஒன்றை 1 விநாடிக் கணக்கில் சிமிட்டிக் காட்டி, மீண்டும் விடை எழுதச் செய்யலாம். களப் பணியாளர்கள் ஓட்டுநர்களைக் கூட்டும் இடங்களிலும் இதே சோதனையை நடத்தலாம். எழுதத் தயங்குவோர் வாய்மொழியாக ஒருவர்பின் ஒருவராகத் தனியே வந்து சொன்னால் போதும். இரு விடைத்தொகுதிகளையும் பிரித்து, முதலாவதில் எத்தனை வகை விடைகள், இரண்டாவதில் எத்தனை வகை என்று எண்ணிக் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதி வைக்கவும்.