உள்ளே ஊதா, உள்ளே ஆரஞ்சு... கலர் கிழங்கு உடம்புக்கு நல்லதா?

தை பிறந்துவிட்டால் டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி என்று நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கிழங்கு வாசனைதான். பனங்கிழங்கு ஒரு பக்கம், சர்க்கரைவள்ளி ஒரு பக்கம். "கிழங்கா? வாய்வாச்சே!" என்று பெரியவர்கள் ஒதுக்கி வைத்த இந்தச் சமாசாரத்துக்கு இப்போது திடீர் மவுசு. "உள்ளே ஊதாவா இருக்கிற கிழங்கு சாப்பிட்டா கேன்சர் கிட்டவே வராதாம்... மணலிப் புகைகூட ஒண்ணும் செய்யாதாம்!" என்கிற அளவுக்குப் பேச்சு. இதில் எவ்வளவு நிஜம்?

நறுக்கிய உருளைக்கிழங்கைத் தண்ணீரில் போட மறந்தால் கறுத்துப் போகிறதல்லவா? காற்றிலுள்ள ஆக்ஸிஜன் செய்கிற வேலை அது. நம் உடம்புக்குள்ளும் ஆக்ஸிஜனால் ஒரு தேய்மானம் ஓயாமல் நடக்கிறது. அதைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும் பொருள்களுக்குத்தான் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று பெயர். சாதாரண வெள்ளை உருளைக்கிழங்கிலும் இவை உண்டு. வைட்டமின் சி இருக்கிறது. காப்பியில் இருக்கிற குளோரோஜெனிக் அமிலமும் இருக்கிறது. பாவம், வெள்ளையாக இருப்பதால் யாரும் மதிப்பதில்லை!

ஊதாக் கிழங்கில் கூடுதலாக இருப்பது ஆந்தோசயனின். நாவல்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் கறுப்புக் கவுனி அரிசிக்கும் நிறம் கொடுப்பதும் இதுவேதான். உருளைக்கிழங்கின் தாய்வீடான ஆண்டீஸ் மலைப்பகுதியில் சிவப்பு, ஊதா, மஞ்சள் சதைக் கிழங்குகள் காலம் காலமாக உண்டு. நம் நாட்டிலும் சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், ஊதாத் தோல் கொண்ட 'குஃப்ரி நீல்கண்ட்', சதையே ஊதாவான 'குஃப்ரி ஜாமுனியா' ஆகிய ரகங்களைத் தந்திருக்கிறது.

நமக்குப் பக்கத்து வீடான திருவனந்தபுரம் இன்னும் ஒரு படி மேல். அங்குள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டு சர்க்கரைவள்ளி ரகங்கள் 2017-ல் வெளிவந்தன. 'பூ கிருஷ்ணா' ஊதா. 100 கிராமில் சுமார் 90 மில்லிகிராம் ஆந்தோசயனின். 'பூ சோனா' ஆரஞ்சு. 100 கிராமில் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின்; வழக்கமான ரகங்களில் 2, 3 மில்லிகிராம்தான். உடம்பு இதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக் கொள்ளும். கண்ணுக்கு நல்லது, வளரும் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். மஞ்சள் உருளைக்கிழங்கு அப்படியல்ல. அதிலிருக்கும் கரோட்டினாய்டுகளில் பெரும்பாலானவை வைட்டமின் ஏ ஆக மாறாதவை.

சரி, பலன்? அமெரிக்காவில் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழகத்தின் ஜோ வின்சன் குழு, 18 பேருக்கு தினம் இருவேளை ஊதா உருளைக்கிழங்கு கொடுத்துப் பார்த்தது. பெரும்பாலும் ரத்த அழுத்தமும் கூடுதல் எடையும் உள்ளவர்கள். எண்ணெய் இல்லாமல் மைக்ரோவேவில் வெந்த கிழங்கு. நான்கு வாரத்தில் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, எடை ஏறவில்லை. நல்ல சேதிதான். ஆனால் 18 பேரை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது. பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கிழங்கு தின்னக் கிளம்பிவிடாதீர்கள்!

புகை விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். நுரையீரலில் படிந்த தூசியை எந்தக் கிழங்கும் கழுவாது. "அப்ப மாத்திரையா வாங்கிப் போட்டுக்கலாமே?" என்பவர்களுக்கு ஃபின்லாந்து கதையைச் சொல்ல வேண்டும். அங்கே சுமார் 29,000 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவிகிதம் அதிகமாக வந்தது! உணவில் சாப்பிடுவதற்கு இந்த பயம் வேண்டாம். வீட்டில் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் மாத்திரைப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கலர் எதுவானாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான். கிழங்கு சாப்பிடுகிற அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக் கொள்ளுங்கள். அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

சமையலில் ஒரு சூட்சுமம். ஊதாச் சத்து தண்ணீரில் கரையும். நறுக்கி வேகவைத்து நீரைக் கொட்டினால் சத்தும் சாக்கடைக்குத்தான் போகும். தோலோடு முழுசாக இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள். எலுமிச்சை பிழிந்தால் ஊதா சிவப்பாகும். பயப்பட வேண்டாம், அதன் குணம் அப்படி. ஆரஞ்சுக் கிழங்குக்கு நேர் எதிர். ஒரு ஸ்பூன் எண்ணெயோ தேங்காய்த் துருவலோ சேர்ந்தால்தான் பீட்டா கரோட்டின் உடம்பில் நன்றாக ஒட்டும்.

வாங்கும்போது இரண்டு விஷயம். வெயில் பட்டு உருளைக்கிழங்கு பச்சையானால் 'சோலனின்' என்ற நச்சு சேர்ந்திருக்கலாம். ஊதாத் தோலில் பச்சை தெரியாது. நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பச்சையாக இருந்தாலோ, வெந்தபின் கசந்தாலோ தூக்கிப் போடுங்கள். சர்க்கரைவள்ளி பளபளவென்று ரோஸ் நிறத்தில் மின்னினால், 'ரோடமின் பி' சாயம் பூசியிருக்கலாம். பஞ்சைத் தண்ணீரிலோ சமையல் எண்ணெயிலோ நனைத்துத் தோலில் தேயுங்கள். பஞ்சில் சிவப்பு ஏறினால், அந்த வண்டியில் வாங்காதீர்கள்.