“படம் எப்படிண்ணே?” – இந்தக் கேள்வி செய்த வேலையெல்லாம் தெரியுமா?

காட்சி விட்டு வெளியே வருகிறவர்களைத் தியேட்டர் வாசலில் நின்று கவனித்திருக்கிறீர்களா? இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு கூட்டம் இறங்கும். அடுத்த காட்சிக்கு டிக்கெட்டும் கையுமாக இன்னொரு கூட்டம் காத்திருக்கும். இரண்டும் உரசிக்கொள்ளும் அந்த இடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் இன்னொருவரைக் கேட்பார்: “படம் எப்படிண்ணே?”

“ஃபர்ஸ்ட் ஆஃப் போறதே தெரியல தம்பி. செகண்ட் ஆஃப்தான் கொஞ்சம் இழுவை. ஒரு தடவை பார்க்கலாம்.”

அவ்வளவுதான்! பேர் தெரியாது, ஊர் தெரியாது, ஒரு விமர்சனம் கைமாறிவிட்டது. இந்தப் பேச்சு எத்தனை படங்களைத் தூக்கி நிறுத்தியது, எத்தனை படங்களைக் கூறுபோட்டது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஆச்சரியம் தாங்கவில்லை!

முதலில் நம் வீட்டுக் கதை. ‘சேது’ படத்தை வாங்க ஆள் இல்லாமல் தவித்தார்கள், தெரியுமா? விநியோகஸ்தர்களுக்கு அறுபது தடவைக்கும் மேல் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். முடிவு சோகமாக இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கைவிரித்தார்கள். ஒருவழியாக 1999 டிசம்பர் 10 அன்று, சென்னைப் புறநகரில் பகல் காட்சி மட்டும் என்று வெளியானது. ஆரம்பத்தில் அரங்கு கிட்டத்தட்ட காலி. ஆனால் அந்தக் கொஞ்சம் பேர் வெளியே வந்து சும்மா இருக்கவில்லை! டீக்கடையில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள், ஹாஸ்டலில் சொன்னார்கள். படம் நூறு நாள் தாண்டி ஓடியது. பாலா என்ற இயக்குநரும் ‘சீயான்’ விக்ரமும் நமக்குக் கிடைத்தது இப்படித்தான். விளம்பரத்துக்குப் பணமில்லாத ஒரு படத்துக்கு ஊர் வாய் செய்த வேலை இது!

சரி, சினிமாவைப் பற்றிய ஆரம்பகால விமர்சனங்களில் ஒன்றை எழுதியவர் யார் தெரியுமா? ‘தாய்’ நாவல் எழுதிய மாக்சிம் கார்க்கி! லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு முதல் காட்சி நடத்தியது 1895 டிசம்பர் 28. அடுத்த ஆண்டு கோடையில் அந்தப் படங்கள் ரஷ்யாவின் நீஷ்னி நோவ்கரோத் நகரத்துப் பொருட்காட்சிக்கு வந்தன. அப்போது கார்க்கிக்கு வயது 28. உள்ளூர்ப் பத்திரிகையில் புனைபெயரில் எழுதினார். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது அவர் கண்ணில் பட்டது எது? மரம் அசைகிறது, இலைச் சத்தம் இல்லை. மனிதர்கள் சிரிக்கிறார்கள், சிரிப்பொலி இல்லை. எல்லாம் சாம்பல் நிறம்! பார்த்துவிட்டு மனம் கனத்துப் போனதை அப்படியே எழுதிவைத்தார். இன்னும் கொஞ்ச நாளில் இந்தக் கருவி மலிவான கிளுகிளுப்புக்கும் போய்விடும் என்றும் அப்போதே கணித்தார். சினிமா பிறந்து ஒரு வயதுகூட ஆகவில்லை, ஐயா!

நம் ஊரில் அந்த வேலையைச் செய்தவர் கல்கி. ‘பொன்னியின் செல்வன்’ எழுதுவதற்கு வெகு காலம் முன்பே, ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் பாட்டு, நாட்டியம், சினிமா என்று எதையும் விடாமல் பிரித்து மேய்ந்தவர். 1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம். அந்தக் காலத்து லட்சம்! ஊரே அண்ணாந்து பார்த்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நடிப்பில் முதலிடம் எருமைக்குத்தான் என்கிற ரீதியில் கல்கி எழுதிவிட்டார். சுந்தராம்பாளின் பாட்டுக்கு நான் அடிமை. இருந்தாலும், பெரிய பெயரையும் பெரிய தொகையையும் பார்த்து மலைக்காமல் தனக்குப் பட்டதை எழுதிய அந்தத் துணிச்சலைக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

அதே விகடன் பிற்பாடு படங்களுக்கு மார்க் போட ஆரம்பித்ததே, நினைவிருக்கிறதா? நூற்றுக்கு நாற்பது வாங்கினாலே பரீட்சையில் தேறிய சந்தோஷம். 1977-இல் ‘16 வயதினிலே’ வாங்கிய மார்க் எவ்வளவு தெரியுமா? 62.5! அந்த அரை மார்க்கைத்தான் நான் ரசித்து ரசித்து நினைத்துக்கொள்வேன். அதற்காக ஆசிரியர் குழு எவ்வளவு நேரம் விவாதித்திருக்கும்! இந்தப் படத்தையும் வாங்க விநியோகஸ்தர்கள் முன்வராமல், தயாரிப்பாளர் ராஜ்கண்ணு தானே வெளியிட்டார் என்பது அதைவிடப் பெரிய கதை.

விமர்சனத்துக்குப் பதில் சொல்ல ஒரு நாடகமே எழுதப்பட்டது தெரியுமா? 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ வந்தது. தினமணி கதிர் படத்தைத் தாளித்து எடுத்தது, அதுவும் ‘பரப்பிரம்மம்’ என்று தலைப்பிட்டு! வசனம் எழுதிய கருணாநிதி விடுவாரா? அதே ‘பரப்பிரம்மம்’ என்ற பெயரில் ஒரு நாடகம் எழுதி மேடையேற்றிவிட்டார்.

பிரான்ஸில் இதைவிடச் சூடு! பிரான்சுவா த்ரூஃபோ என்ற இளம் விமர்சகர், பிரெஞ்சு சினிமாவின் பெரிய தலைகளை வாராவாரம் வறுத்தெடுத்தார். பொறுக்க முடியாமல் 1958 கான் திரைப்பட விழாவில் அவருக்கு அனுமதி மறுத்தார்கள். சரியாக ஒரே வருடம். 1959-இல் ‘400 அடிகள்’ என்ற தன் முதல் முழுநீளப் படத்தோடு அதே கானுக்கு வந்தார். வந்து, சிறந்த இயக்குநர் விருதை வாங்கிக்கொண்டு போனார்! வயது 27.

இனி சொல்லப்போவது என் வயிற்றைக் கலக்கியது. பார்வையாளர் கருத்து ஒரு காவியத்தையே கொல்லவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ‘சிட்டிசன் கேன்’ எடுத்த ஆர்சன் வெல்ஸ், அடுத்து எடுத்தது ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’. ஒரு பெரிய குடும்பம் சிறுகச் சிறுகச் சரியும் கதை. 1942 மார்ச் 17 அன்று, கலிஃபோர்னியாவின் பொமோனா நகரத் தியேட்டரில் முன்னோட்டக் காட்சி. அதற்கு முன்னால் ஓடியது ஆட்டமும் பாட்டுமான ஒரு கலகலப்புப் படம்! கல்யாண விருந்தில் பாயசம் குடித்துக்கொண்டிருப்பவரிடம் சாவுச் செய்தி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அழ வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். கருத்துச் சீட்டுகளில் திட்டித் தீர்த்தார்கள். அற்புதம் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஸ்டுடியோ மிரண்டுவிட்டது. வெல்ஸோ அப்போது வேறு படப்பிடிப்புக்காக பிரேசிலில். கத்தரிக்கோல் புகுந்தது. 40 நிமிடங்களுக்கு மேல் வெட்டினார்கள். சுபமான முடிவு ஒன்றைப் புதிதாக எடுத்து ஒட்டினார்கள். 88 நிமிடப் படமாக வெளியே வந்தது. வெட்டிய நெகட்டிவ்? இடத்தை அடைக்கிறது என்று அழித்தேவிட்டார்கள்! அந்த நிமிடங்களை உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு தியேட்டர், தவறான ஜோடிப் படம். நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் அதே முன்னோட்டக் காட்சி இன்னொரு படத்தைக் காப்பாற்றியும் இருக்கிறது. பில்லி வைல்டரின் ‘சன்செட் பூலவார்ட்’ முதலில் எப்படித் தொடங்கியது தெரியுமா? பிணவறையில் பிணங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதாக! இல்லினாய் மாநிலத்தில் போட்டுக் காட்டியபோது, பிணத்தின் கால் விரலில் அடையாளச் சீட்டைக் கட்டியதுமே அரங்கம் வெடித்துச் சிரித்தது. வைல்டர் அந்தத் தொடக்கத்தையே தூக்கி எறிந்தார். 1950-இல் வெளியான படத்தில் நீச்சல் குளத்தில் மிதக்கும் பிணம்தான் தொடக்கம். இன்றும் பாடமாக நடத்துகிறார்கள் அந்தக் காட்சியை!

பார்க்கிறவர்கள் வாயே திறக்காமல் சொன்ன விமர்சனம் ஒன்று உண்டு. 1975 ஆகஸ்ட் 15-இல் ‘ஷோலே’ வெளியானபோது பத்திரிகைகள் கைவிட்டன. அரங்கில் கைதட்டல் இல்லை, விசில் இல்லை. படக்குழு கதிகலங்கி, முடிவை மாற்றி எடுக்கலாமா என்றுகூட யோசித்தது. அப்போது மும்பைத் தியேட்டர்காரர் ஒருவர் இயக்குநர் ரமேஷ் சிப்பியிடம் சொன்னாராம்: படம் ஓடும், பயப்படாதீர்கள், இடைவேளையில் என் கேண்டீனில் ஐஸ்கிரீமும் சோடாவும் விற்கவே இல்லை, ஜனம் பிரமித்துப்போய் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை! அப்புறம் மினர்வா தியேட்டரில் ஐந்து வருடத்துக்கும் மேல் ஓடியது. விற்காத சோடாவைப் பார்த்துப் படத்தை எடைபோட்ட அந்த மனிதர்தான் நான் அறிந்ததிலேயே பெரிய விமர்சகர்!

கட்டைவிரலைத் தூக்கினால் நல்ல படம், கவிழ்த்தால் மோசம் என்று இன்று குழந்தைகூடக் காட்டுகிறது. அந்தச் சைகையைச் சினிமாவோடு முடிச்சுப் போட்டவர்கள் சிகாகோவின் இரண்டு போட்டிப் பத்திரிகைகளின் விமர்சகர்களான ரோஜர் ஈபர்ட்டும் ஜீன் சிஸ்கலும். டிவியில் எதிரெதிரே உட்கார்ந்து நிஜமாகவே சண்டை போடுவார்கள். யார் பெயர் முதலில் வருவது என்பதைக்கூடக் காசு சுண்டிப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள்! 1975-இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கிய ஈபர்ட்தான் அதைப் பெற்ற முதல் சினிமா விமர்சகர். 2006-இல் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் பேச்சே போய்விட்டது. நிறுத்தினாரா? 2012-இல் ஒரே வருடத்தில் அவர் எழுதிய விமர்சனங்கள் 306! மறு ஏப்ரலில் இறந்துபோனார். பேச முடியாத ஒரு மனிதர், பார்த்த படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சீரியல்களை மட்டும் விட்டுவிடலாமா? அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் ரசிகர்கள் லட்சத்துக்கு மேல் கடிதம் போட்டுக் குவித்தார்கள். தொலைக்காட்சி நிறுவனமே 1968 மார்ச்சில், அன்றைய பகுதி முடிந்த கையோடு, ‘தொடர்கிறோம்’ என்று ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று! நம் நாட்டில் ‘ராமாயணம்’ தொடர் பட்டாபிஷேகத்தோடு முடிந்தபோது, வால்மீகியைத் தங்கள் குல முதல்வராக வணங்கும் வட இந்தியத் துப்புரவுத் தொழிலாளர்கள், உத்தர ராமாயணத்தையும் காட்டு என்று 1988-இல் வேலைநிறுத்தமே செய்தார்கள். அதுவும் வந்தது!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது ‘ஹம் லோக்’. 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் தொடங்கிய இந்தியாவின் முதல் நெடுந்தொடர். இந்தி என்பதால் மதராஸில் பெரிதாக எடுபடவில்லை. வடக்கேயோ வீடு வீடாக அதே பேச்சு. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பழம்பெரும் நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றுவார். வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது போல, இன்று நடந்தது சரியா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பார். கேட்டால் ஜனம் சும்மா இருக்குமா? வந்து குவிந்த கடிதங்கள் சுமார் 4 லட்சம்!

அந்தக் கடிதங்களில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? ஆரம்பத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது. ஜனத்துக்கு அது கசந்தது. 13 பகுதிகளுக்குப் பிறகு எழுத்தாளர் மனோகர் ஷ்யாம் ஜோஷி கதையின் போக்கையே திருப்பினார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு தேயும் பாகவந்தி என்ற அம்மாவை, இப்படி இருக்காதீர்கள் என்று காட்டத்தான் படைத்தார்கள். பார்த்தவர்களில் ஏராளமானோர் அவளையே உத்தமத் தாய் என்று கொண்டாடிவிட்டார்கள்! மூத்த மகள் பட்கி கல்யாணத்துக்குச் சம்மதிக்காமல் இழுத்தடித்தபோது, ‘சீக்கிரம் சரி சொல்லம்மா’ என்று அவள் பெயருக்கே கடிதம் போட்டார்கள். கல்யாணப் பகுதி ஒளிபரப்பான அன்று வட இந்தியக் கடைவீதிகளில் சீக்கிரமே ஷட்டர் இறங்கியது. வாழ்த்துத் தந்திகள் வந்தன, இல்லாத ஒரு பெண்ணுக்கு!

அகமதாபாத் இளைஞர் மன்றம் ஒன்றிலிருந்து அசோக் குமாருக்கு வந்த கடிதம் சுவரொட்டி அளவுக்கு இருந்தது. கண்தானத்தைப் பற்றி அந்தத் தொடரில் பார்த்துவிட்டு எழுதியது. தங்கள் கண்களைத் தருவதாக உறுதி சொல்லி அதில் கையெழுத்துப் போட்டிருந்த இளைஞர்கள் 900 பேருக்கும் மேல்.