விடைத்தாளிலிருந்து கோர்ஸ் ஃபைல் வரை

1970களில் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. படித்தவரின் காதில் 'படிப்பின் தரத்தை மதிப்பிடுவது' என்ற பேச்சே விழுந்திருக்காது. தேர்வுதான் தரம். லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் உருவானபோதே, தேர்வு நடத்திப் பட்டம் கொடுப்பதுதான் அதன் முதல் வேலையாக இருந்தது. பாடம் நடத்துவது கல்லூரியின் பொறுப்பு. பாடத்திட்டமும் வினாத்தாளும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். அச்சடித்த பாடத்திட்டப் புத்தகம் கைக்கு வந்த பிறகுதான், அடுத்த ஆண்டு எதை நடத்தப்போகிறோம் என்பதே வெளியூர்க் கல்லூரி ஆசிரியருக்குத் தெரியும்.

புதிதாக ஒரு படிப்பைத் தொடங்கக் கல்லூரி விண்ணப்பித்தால் இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வரும். நூலகம், ஆய்வகம், ஆசிரியர்களின் தகுதி எல்லாவற்றையும் பார்த்து இணைவு கொடுத்துவிட்டுப் போகும். அதன்பின் அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்பதை வெளியாள் ஒருவர் நேரில் பார்க்கும் வாய்ப்பு, பெரும்பாலும் செய்முறைத் தேர்வன்றுதான்.

அந்த ஒரு நாளை லேசாக நினைத்துவிடக் கூடாது. வேதியியல் ஆய்வகத்தில் எக்ஸ்டர்னல், அதாவது வெளிக் கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர், முதலில் ரெக்கார்டு நோட்டைப் புரட்டுவார். பியூரெட்டில் அளவு பார்க்கும் மாணவர் திரவ மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைக்கிறாரா, நின்றபடியே குத்துமதிப்பாக எழுதுகிறாரா என்று கவனிப்பார். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியைப் பத்துப் பேரிடம் கேட்டு ஒருவருக்கும் பதில் வராவிட்டால், அந்தப் பகுதி வகுப்பில் சரியாக நடக்கவில்லை என்று புரிந்துகொள்வார். மதியச் சாப்பாட்டின்போது துறைத்தலைவரிடம் அதைச் சொல்லியும்விடுவார். எந்தப் படிவத்திலும் ஏறாத அந்தச் சொல்லுக்கு மதிப்பிருந்த துறைகளில் அடுத்த ஆண்டு மாற்றம் தெரியும். காதில் வாங்காத துறைத்தலைவர்களும் இருந்தார்கள். அவர்களைக் கேட்பாரில்லை. மூன்றாண்டு உட்கார்ந்து கேட்ட மாணவரின் கருத்துக்கோ இடமே இல்லை.

1964-66இல் செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு, நல்ல கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கொடுக்கலாம் என்றது. 1978இல் தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கு வந்தது. லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவை ஆட்டோனமஸ் ஆயின. பாடத்திட்டக் குழு கல்லூரிக்குள்ளேயே கூடத் தொடங்கியது. பல்கலைக்கழகம் நியமித்த நிபுணர், வெளியூர்ப் பேராசிரியர்கள், தொழில்துறையிலிருந்து ஒருவர், பழைய மாணவர் ஒருவர் என்று பலரும் அதில் உட்காருகிறார்கள். பாடம் நடத்துகிறவரே பாடத்தைத் திருத்தலாம் என்று ஆனது, நம் உயர்கல்வியில் நடந்த மிக நல்ல மாற்றம் என்றே சொல்வேன்.

கல்லூரிகளை வெளியிலிருந்து மதிப்பிட்டு கிரேடு கொடுக்க, 1994இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு) வந்தது. அதே ஆண்டு தொழில்நுட்பப் படிப்புகளுக்கு என்.பி.ஏ. (தேசிய தரச்சான்று வாரியம்) வந்தது. கல்லூரி முழுவதையும் பல அளவுகோல்களில் எடைபோடுவது நாக், பி.இ. மெக்கானிக்கல், பி.இ. சிவில் என்று படிப்பு படிப்பாகப் பார்ப்பது என்.பி.ஏ. நாடுகள் ஒன்றன் பொறியியல் படிப்பை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014இல் இந்தியா முழு உறுப்பினரான பிறகு, 'என்ன நடத்தினோம்' என்ற கேள்வி பின்னுக்குப் போய், 'மாணவர் எதைக் கற்றார்' என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

இன்று ஒரு ஆசிரியரின் மேசையில் இருக்கும் கோர்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். பாடத்திட்டம், பாடவேளைத் திட்டம், வருகைப் பதிவு, வினாத்தாள், மாதிரி விடைத்தாள்கள், மதிப்பெண் பட்டியல் எல்லாம் இருக்கும். வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் 'சி.ஓ.2, கே3' என்று குறித்திருக்கும். அந்தப் பாடத்தின் இரண்டாவது கற்றல் விளைவை இந்தக் கேள்வி சோதிக்கிறது, மனப்பாடத்தைத் தாண்டிப் பயன்படுத்தும் திறனைக் கேட்கிறது என்று பொருள். கே3 என்பது, பெஞ்சமின் புளூம் தலைமையில் 1956இல் வெளிவந்த கற்றல் நிலைகளின் வகைப்பாட்டிலிருந்து கிளைத்த குறியீடு. எத்தனை பேர் இலக்கு மதிப்பெண்ணை எட்டினார்கள் என்று எக்செல் தாளில் கணக்கிட்டு, 1, 2, 3 என்று நிலை போடுவார்கள்.

இந்தக் கணக்கை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். தெர்மோடைனமிக்ஸ் பாடத்தில் மூன்றாவது விளைவு மட்டும் மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து சரிகிறது என்றால், அதற்குத் தேவையான கணிதம் முந்தைய செமஸ்டரில் சரியாக ஏறவில்லையோ என்று துறை தேட முடியும். அன்றைய எக்ஸ்டர்னல் வாய்மொழியாகச் சொன்னதை இன்று தாளில் காட்டி, நடவடிக்கை கேட்க முடியும். ஆனால் இலக்கை நிர்ணயிப்பதும் அதே துறைதான். 60 விழுக்காடு என்று வைத்த இலக்கை 50க்கு இறக்கினால், வகுப்பறையில் எதுவும் மாறாமலே நிலை ஏறிவிடும். ஆய்வுக் குழுவான பீர் டீம் வரும் ஆண்டில், எடுத்த இடம் பதிந்த ஜியோ-டேக் புகைப்படங்களைத் தேடுவதிலும் பழைய கூட்டங்களின் மினிட்ஸை எழுதி முடிப்பதிலும் ஆசிரியரின் மாலைகள் போகின்றன. பாடத்துக்குத் தயாராக வேண்டிய நேரம் அது.

மோசடியும் நடந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிக் கணக்குகளில் இருந்ததை 2024இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில், உயர்ந்த கிரேடுக்காக லஞ்சம் கைமாறியதாகக் கூறி நாக் ஆய்வுக் குழுவினர் சிலரை சி.பி.ஐ. கைது செய்தது. படிவம் எவ்வளவு பெருகினாலும், ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்கும் ஆள் இல்லையென்றால் இது நடக்கும்.

அன்றைக்கு இல்லாத ஒன்று இன்று மாணவரிடம் இருக்கிறது: கருத்துப் படிவம். செமஸ்டர் முடிவில் கூகுள் ஃபார்மில் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு ஹால் டிக்கெட் வாங்க ஓடுவது பல கல்லூரிகளில் வழக்கம். மாணவர்களே, அதில் எந்த யூனிட் புரியவில்லை, எந்தச் சோதனையைச் செய்யாமலே ரெக்கார்டு எழுதினீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் பெயர் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கல்லூரி வாசலில் பலகை வைத்துக் காட்டும் கிரேடோடு நின்றுவிடாதீர்கள். இணையதளத்தில் ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) பக்கத்தில் ஆண்டறிக்கையும், மாணவர் கருத்தின்மேல் எடுத்த நடவடிக்கையும் இருக்கும். அதைப் படித்துவிட்டுத் துறைத்தலைவரைப் பாருங்கள். போன வருடம் மாணவர்கள் சொன்ன குறை என்ன, அதனால் பாடத்தில் எது மாறியது என்று நேராகக் கேளுங்கள்.