சாம்பல் கலந்தால் வீடு நிற்குமா?

மேட்டூர் சாம்பல் சிமெண்டு ஆகும் கதை!

வீடு கட்டுகிறவருக்குச் சிமெண்டு விலை ஒரு கவலை. உலகத்துக்குச் சிமெண்டுச் சூளை விடும் புகை ஒரு கவலை. இந்த இரண்டு கவலையையும் ஒரே மூட்டையில் குறைக்க முடியுமா?

முடியும்! அதற்கு வேண்டிய பொருள் சேலம் மாவட்டத்திலேயே கிடைக்கிறது. அதுதான் சாம்பல்.

கல்லுக்குள் புகை

சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக் கல் உண்டு. அதனால்தான் 1963-ம் ஆண்டு அங்கே சிமெண்டு ஆலை வந்தது.

சிமெண்டு எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்து, பெரிய சூளையில் சுடுகிறார்கள். சூடு 1,450 டிகிரி! வெந்த பிறகு கருப்பு உருண்டைகளாக வெளியே வரும். அதற்குக் 'கிளிங்கர்' என்று பெயர். அதில் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சிமெண்டு.

100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். சூளையில் எரிக்கும் நிலக்கரியின் புகை வேறு. இரண்டும் சேர்ந்து, 1 டன் கிளிங்கருக்கு 800 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது.

மனிதர்கள் காற்றில் விடும் கரியமில வாயுவில், 100-க்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டால் வருவது. இந்த வாயு பெருகினால் பூமி சூடாகும். மழை பருவம் தவறும்.

அடுப்பை மாற்றினாலும் இந்தப் புகை முழுவதும் போகாது. புகை கல்லுக்குள்ளேயே இருக்கிறதே! ஆகவே, கிளிங்கரைக் குறைப்பதுதான் வழி.

பறக்கும் சாம்பல்

மேட்டூர் அனல் மின் நிலையத்தில் முதல் எந்திரம் 1987-ம் ஆண்டு ஓடத் தொடங்கியது. அங்கே நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோ எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் விழும்.

அதில் பெரும்பகுதி மாவைப் போல் மெல்லியது. புகையோடு பறக்கப் பார்க்கும். மின்சாரத் தகடுகளை வைத்து அதைப் பிடித்துவிடுகிறார்கள்.

முன்பு இந்தச் சாம்பல் பெரும் தொல்லையாக இருந்தது. அனல் மின் நிலையங்களைச் சுற்றி இருக்கிறவர்கள் செங்கல், கட்டிட வேலைகளுக்குச் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று 1999-ம் ஆண்டு மத்திய அரசு உத்தரவு போட்டது.

இது கலப்படமா?

"சாம்பலைக் கலந்து ஏமாற்றுகிறார்கள்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

சிமெண்டில் தண்ணீர் பட்டதும் கொஞ்சம் சுண்ணாம்பு வெளியே வரும். அந்தச் சுண்ணாம்பால் பலம் இல்லை. சாம்பல் அதோடு சேர்ந்து, கெட்டியாகப் பிடிக்கும் பொருளாக மாற்றிவிடுகிறது. துவாரங்கள் அடைபடுகின்றன. கம்பிக்குத் தண்ணீர் இறங்குவதும் குறைகிறது.

இந்தச் சிமெண்டுக்கு 'பி.பி.சி.' என்று பெயர். இதில் 100-க்கு 15 முதல் 35 பங்கு வரை சாம்பல் சேர்க்கலாம் என்று அரசின் தர விதி சொல்கிறது. 30 பங்கு சேர்த்தால், 50 கிலோ மூட்டையில் 15 கிலோ சாம்பல்! அந்த 15 கிலோவைச் சூளையில் சுட வேண்டியது இல்லை. அந்தப் புகையும் இல்லை. செலவும் குறைவு. அதனால் பி.பி.சி. மூட்டை பெரும்பாலும் சாதா சிமெண்டை விடச் சற்று மலிவாகவே கிடைக்கிறது.

இரும்பு ஆலைக் கழிவும் இதே வேலையைச் செய்யும். மேச்சேரி பக்கம் பொட்டனேரியில் இரும்பு ஆலை இருக்கிறது. இரும்புத் தாதுவை உருக்கும்போது மேலே மிதக்கும் கசடைப் பொடியாக்கிச் சிமெண்டில் சேர்க்கலாம்.

அணையே சாட்சி!

இது புதிய வித்தை அல்ல. சுட்ட களிமண் பொடிக்குச் 'சுர்க்கி' என்று பெயர். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியது. 1934-ல் முடிந்த மேட்டூர் அணையிலும் சுர்க்கி கலந்தார்கள். இன்றும் காவிரியைத் தாங்கி நிற்கிறது!

அதே களிமண் இப்போது திரும்பி வருகிறது. 'எல்.சி.3' என்பது புதுவகைச் சிமெண்டு. இதில் பாதிதான் கிளிங்கர். 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுடாத சுண்ணாம்புக் கல், 5 பங்கு ஜிப்சம். களிமண்ணைச் சுட 800 டிகிரி அளவு சூடு போதும். கரியமில வாயு 100-க்கு 30 முதல் 40 பங்கு குறைகிறது.

சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, சென்னை ஐ.ஐ.டி.யும் இதை ஆராய்ந்தது. 2023-ம் ஆண்டு இதற்கு இந்தியத் தர விதியும் வந்துவிட்டது.

மலிவாகுமா? எல்லாம் தூரத்தைப் பொறுத்தது. களிமண்ணும் சாம்பலும் பக்கத்தில் கிடைத்தால் மலிவு. தொலைவில் இருந்து வந்தால் லாரி வாடகை லாபத்தைத் தின்றுவிடும். லாரித் தொழிலுக்குப் பெயர் போன நாமக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியது இல்லை!

இதைக் கவனியுங்கள்

சாம்பல் சிமெண்டு மெதுவாகத்தான் பலம் பெறும். ஆகவே, வீடானாலும் சரி, கோழிப் பண்ணையானாலும் சரி, இவற்றை மறக்கக் கூடாது:

மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கான்கிரீட் போட்ட பிறகு குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விடுங்கள். 14 நாள் விட்டால் நல்லது. சேலத்து வெயிலில் சாக்கை நனைத்து மூடி வைப்பது நலம்.

சென்ட்ரிங் பலகையை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். என்ஜினீயரைக் கேட்டுப் பிரியுங்கள்.

கலவையில் தண்ணீரை அதிகம் ஊற்றாதீர்கள். பலம் போய்விடும்.

செங்கல் சூளைச் சாம்பலையோ, குட்டையில் ஊறிய சாம்பலையோ நீங்களாகக் கலக்காதீர்கள். அது ஆபத்து. ஆலையில் அளந்து சேர்ப்பதுதான் சரி.

சாம்பல் கலந்த சிமெண்டு வீட்டைக் கெடுக்காது. தண்ணீர் விடாத அவசரம்தான் கெடுக்கும்!