வயற்புறத்துப் பறவைகளும் தவளைகளும்: புதிதாய்ப் பழகுவோர் அடையாளங் காணும் வழி

நன்செய் நிலத்தில் உழவன் தனியே வேலை செய்வதில்லை. ஏர் ஓடுகையில் வெண்ணிறப் பறவைகள் பின்தொடர்ந்து வருகின்றன. வரப்பின்மேல் ஒரு பறவை அசையாது நிற்கின்றது. மழை பெய்த இரவில் வயல் முழுதும் தவளைகளின் குரல் எழும்புகின்றது. ஆயினும் இவை யாவை என்று வினவினால், அநேகர் பறவைகளையெல்லாம் கொக்கு என்றும், மற்றவற்றைத் தவளை என்றும் சொல்லி நிறுத்திவிடுவர். ஒரே பெயரால் அழைக்கப்படுவன யாவும் ஒரே குணமுடையன என்று கருதுவது மக்களுக்கு இயல்பு. நாற்றைப் பிடுங்கும் ஒரு பறவையின் குற்றத்திற்காகப் பூச்சி தின்னும் பல பறவைகள் கல்லடி படுவது இதனாலேயே. ஆகையால் இவற்றை இனம் அறிதல் வெறும் பொழுதுபோக்கன்று. குடியானவரின் இலாப நஷ்டத்தைச் சேர்ந்த காரியமாகும்.

வெண்கொக்குகள்

புதிதாய்ப் பழகுவோர் எப்பொழுதும் காணக்கூடிய வெண்கொக்குகளிலிருந்து தொடங்குவது நலம். மாடுகளின் காலடியிலும் ஏரின் பின்னும் திரிவது உண்ணிக்கொக்கு. இதன் அலகு குட்டையாயும் மஞ்சளாயும் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகு ஆகியவை காவி கலந்த பொன்னிறமடையும். வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளே இதன் முக்கிய உணவு. சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு. பாத விரல்கள் மாத்திரம் மஞ்சள். பெரிய கொக்கு மிக உயரமானது; நீண்ட கழுத்தில் முறிந்தாற்போன்ற வளைவு உண்டு. சாதாரண நாட்களில் அதன் அலகு மஞ்சளாயிருந்து, இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். எனவே அலகின் நிறம் ஒன்றை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். உயரம், கால், நடை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

வரப்பில் மண்ணிறமாய் ஒடுங்கி நிற்கும் மடையான், அருகில் ஆள் சென்றவுடன் பளிச்சென்று வெள்ளைச் சிறகு விரித்துப் பறக்கும். அருகே செல்லும்வரை பறவாததால் அதற்குக் குருட்டுக்கொக்கு என்ற பெயரும் உண்டு. உண்மையில் அதன் பார்வை கூர்மையானது. மீன், நண்டு, பூச்சி இவற்றுடன் தவளையையும் அது தின்னும்.

நாரையும் கோழிகளும்

பறக்கையில் கழுத்தை மடக்கிக்கொள்வது கொக்கினம். நேராய் நீட்டிக்கொள்வது நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும். இவ்வொரு குறிப்பினால் தொலைவிலேயே பாதிச் சந்தேகம் தீரும். நத்தைகுத்தி நாரை வளர்ந்தபின் அதன் அலகுகளின் நடுவே ஓர் இடைவெளி தோன்றும். இளம் பறவைக்கு அது இராது. வயல் நத்தைகளே அதன் பிரதான ஆகாரம்.

மிகுதியும் மயக்கந் தருவன இரு கோழிகள். கோரையும் நாணலும் அடர்ந்த ஏரியோரத்தில் வாழும் நீலத் தாழைக்கோழி நீலநிற உடலும், சிவந்த அலகும், நெற்றியில் சிவந்த பட்டையும் உடையது. இளந்தண்டுகளைப் பிடுங்கித் தின்பதால், ஏரியை அடுத்த நெற்பயிருக்கு இதனால் சேதம் நேர்வதுண்டு. கம்புள்கோழியோ முகமும் மார்பும் வெண்மையாய், வாலை அடிக்கடி நிமிர்த்தி நடக்கும். பூச்சி, புழு, நத்தை, விதை ஆகியவற்றைத் தின்னும். முன்னதன் பழியைப் பின்னதன்மேல் சுமத்துதல் தகாது.

தவளைகள்

தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. கற்போருக்கு அவ்வாயே துணை. ஒவ்வொரு ஜாதிக்கும் குரல் வெவ்வேறாதலால், இருளிலும் காதினால் இனம் அறியலாம். முதல் பெருமழையில் மஞ்சள் நிறம் பூண்டு, இரு பக்கமும் நீலப்பை உப்பக் கத்துவது பெருந்தவளையின் ஆண். இதனைக் கண்டு புதிதாய் வந்த விஷ ஜந்து என அஞ்சுவோர் உண்டு. சில நாட்களில் அது பழைய பச்சை கலந்த நிறத்தை அடையும். நீரின் மேற்பரப்பில் தத்தித் தத்தி ஓடுவது ஒரு ஜாதி. தோல் வறண்டு, மருக்கள் நிறைந்து, வீட்டோரம் வருவது தேரை. விரல் நுனிகளில் வட்டமான தட்டுகளுடன் சுவரில் ஒட்டியிருப்பது மரத்தவளை. இது நீர்க்கரையில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும்.

தவளைகளின் தோல் நீரையும் காற்றையும் உட்கொள்வது. ஆகவே வயலில் இடும் பூச்சிமருந்து அவற்றையும், வாற்குஞ்சுகளையும் எளிதில் தாக்குகின்றது. முன்னர் அந்நிய நாடுகளுக்குத் தவளைக்கால் ஏற்றுமதி செய்யும் பொருட்டுப் பெருந்தவளைகள் ஏராளமாய்ப் பிடிக்கப்பட்டன. 1987 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவ்வேற்றுமதியைத் தடை செய்தது.

பழகும் முறை

ஒரே ஏரிக்கரையை வாரம் ஒருமுறை, காலையில் ஒரு மணி நேரம் பார்த்தல் போதும். முதல் மாதத்தில் ஐந்து பறவைகளும் மூன்று தவளைகளும் தெரிந்துகொண்டால் அதுவே நல்ல ஆரம்பம். ஒரு குறிப்பேட்டில் தேதி, இடம், அலகு, கால், நடை, உணவு ஆகியவற்றை எழுதுக. பெயர் தெரியாவிடில் ஊகித்தெழுதாமல் உருவை வரைந்து வைக்க. தவளையின் குரலைச் செல்பேசியில் பதிவு செய்து, அறிந்தோரிடம் கேட்கலாம். ஊர்ப் பெரியோரின் பெயர் வழக்குகளையும் குறித்துக்கொள்க. ஒரே பறவைக்கு ஊருக்கொரு பெயர் உண்டு. கூடுகளை நெருங்குதலும், தவளைகளைக் கையாற் பிடித்தலும் கூடாது.

இவ்வறிவின் பயனுக்கு வேடந்தாங்கலே சான்று. அங்குள்ள நீர்க்கடம்பு மரங்களில் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் விழுந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அவ்வூரார் கண்டறிந்து, 1798 ஆம் ஆண்டிலேயே பறவைகளைச் சுடலாகாதென்று அதிகாரிகளிடம் உத்தரவு பெற்றனர். எந்தச் சட்டமும் வருமுன் பறவைகளைக் காத்தது அவர்களுடைய கண்ணே. மற்ற ஊர்களின் குடியானவரும் வரும் வடகிழக்குப் பருவமழையில், மருந்துப் புட்டியைத் திறக்குமுன், வரப்பில் நிற்பது யார் என்று ஒருமுறை உற்றுப் பார்ப்பார்களாக.