அமெரிக்காவில் பிறந்த கேள்வி

கடல் கடந்து படிக்கப் போகிறவர்கள் ஊர் திரும்பும்போது என்ன கொண்டு வருகிறார்கள்?

பட்டம் கொண்டு வருவார்கள். பெட்டி நிறையச் சாமான்கள் கொண்டு வருவார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஒருவர், அவற்றோடு ஒரு கேள்வியையும் கொண்டு வந்தார். "இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது?" என்பதுதான் அந்தக் கேள்வி. அது அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

அவர்தான் ஜே.சி. குமரப்பா.

திருப்பூர் ராயபுரத்துக் குடும்பங்கள் அவர் கதையைத் தெரிந்து கொள்வது நல்லது. ராயபுரத்தில் பனியன் தொழிலை நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம். திருப்பூரில் தைத்த துணி அட்டைப் பெட்டிகளில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. துணி போன வழியில் இப்போது பிள்ளைகளும் படிக்கப் போகிறார்கள். ஆறு மாதப் படிப்புக்குப் போகிறவர்களும் உண்டு. இரண்டு ஆண்டுப் படிப்புக்குப் போகிறவர்களும் உண்டு. நகையை அடகு வைத்து அனுப்பும் பெற்றோரும் இருக்கிறார்கள். பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும்? குமரப்பாவின் வாழ்க்கை அதற்கு வழி காட்டுகிறது.

சும்மா இருக்க முடியவில்லை

குமரப்பா 1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனுக்குச் சென்று கணக்குத் தணிக்கைப் படிப்பு படித்தார். பிறகு பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தினார். நல்ல வருமானம். கோட்டும் சூட்டும்தான் உடை. அந்த நாளில் அவருக்குக் கொர்னேலியஸ் என்று பெயர்.

1927-ல் அமெரிக்காவில் இருந்த சகோதரரைப் பார்க்கப் போனார். ஓய்வு எடுக்கத்தான் போனார். ஆனால் அவரால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. சிரகூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1928-ல் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றார். அடுத்து நியூயார்க் நகரில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கேதான் திருப்பம் ஏற்பட்டது.

பத்திரிகையில் வந்த சேதி

ஒரு நாள் கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றில் குமரப்பா பேசினார். இந்தியாவின் வறுமைக்கு என்ன காரணம் என்பதுதான் பேச்சின் பொருள். அந்தச் செய்தி நியூயார்க் பத்திரிகையில் வெளிவந்தது. அதை அவருடைய பேராசிரியர் செலிக்மன் படித்தார். செலிக்மன் வரி, அரசாங்க வரவு செலவு ஆகிய துறைகளில் பேர்பெற்ற அறிஞர். "இதையே ஆராய்ச்சி செய்யுங்கள்" என்று மாணவரைத் தூண்டினார்.

குமரப்பா வெள்ளைக்கார அரசாங்கத்தின் கணக்குகளைப் புரட்டினார். கணக்குப் பார்ப்பது அவருக்குக் கை வந்த கலை அல்லவா? இந்திய மக்கள் கட்டிய வரிப்பணம் எங்கே போகிறது என்று பார்த்தார். ராணுவத்துக்கும், கடனுக்கும், அதிகாரிகளின் சம்பளத்துக்கும் பெரும் பங்கு போயிற்று. மக்களின் நலனுக்குக் கிடைத்ததோ கொஞ்சம்தான்.

அவர் திடுக்கிட்டார். இத்தனை ஆண்டுகள் எத்தனையோ கம்பெனிகளின் கணக்கைப் பார்த்தவர், தன் நாட்டின் கணக்கைப் பார்க்காமலே இருந்துவிட்டார். அதைப் பார்ப்பதற்கு அவர் அமெரிக்கா வரை போக வேண்டியிருந்தது!

மரத்தடியில் ஒரு கிழவர்

1929-ல் குமரப்பா நாடு திரும்பினார். குமரப்பா என்ற குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டது அப்போதுதான். கையில் ஆராய்ச்சிக் கட்டுரை இருந்தது. அதைக் காந்தியடிகளிடம் காட்ட விரும்பினார்.

1929 மே 9-ந் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பிற்பகல் இரண்டரை மணிக்குச் சந்திப்பு. சற்று முன்னதாகவே புறப்பட்டார். வழியில் ஒரு மரத்தடி. சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து ராட்டையில் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா கைத்தடியை ஊன்றியபடி வேடிக்கை பார்த்தார். இரண்டரை மணி ஆயிற்று. கிழவர் நிமிர்ந்து, "குமரப்பா நீங்கள்தானா?" என்று கேட்டார்.

அவர்தான் காந்தியடிகள்!

குமரப்பா மடிப்புக் கலையாத கால்சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒருவர் ஓடிப்போய் நாற்காலி கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவருடைய கட்டுரை "யங் இந்தியா" பத்திரிகையில் தொடராக வெளிவந்தது. அதோடு காந்தியடிகள் ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் உள்ள மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகச் சென்று, மக்களின் வரவு செலவைக் கணக்கெடுக்க வேண்டும். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. ஆனாலும் மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலையை முடித்தார். நியூயார்க்கில் புத்தகத்தில் பார்த்த வறுமையை இங்கே குடிசையில் பார்த்தார். சூட்டைக் கழற்றிவிட்டுக் கதர் உடுத்தத் தொடங்கினார்.

1934-ல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தோன்றியது. அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் கழித்தார். 1960 ஜனவரி 30-ந் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவரும் மறைந்தார்.

குரங்கும் தேனீயும்

சிறையில் இருந்தபோது குமரப்பா ஒரு நூல் எழுதினார். 1945-ல் அது வெளிவந்தது. நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்பதே அதன் பொருள்.

தோப்புக்குள் புகுந்த குரங்கு பழத்தைத் தின்கிறது. தோப்புக்கு அது எதுவும் செய்யவில்லை. தேனீயும் பூவில் இருந்து தேன் எடுக்கிறது. ஆனால் மகரந்தத்தைச் சுமந்து சென்று, பூ காயாவதற்கு உதவுகிறது. தொழில் தேனீயைப் போல இருந்தால் நிலைக்கும் என்பது அவர் கருத்து.

திருப்பூருக்கு இது புரியாத பாடம் அல்ல. 1920-களில் தமிழ்நாட்டின் கதர் வேலைக்குத் தலைமை இடமாக விளங்கிய ஊர் இது. பிறகு பனியன் தொழில் வளர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் சாயத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்கியது. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலாளர்கள் வேலை இழந்து தவித்தார்கள்.

ஆற்றுக்கு நேர்ந்த நஷ்டத்தைக் கணக்கில் எழுதாமல் விட்டதால் வந்த வினை இது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடியும் உபயோகிக்கும் முறை பிறகு பரவியது. அதற்குப் பெரும் செலவு ஆகிறது. அந்தச் செலவும் சேர்ந்ததுதான் பனியனின் உண்மையான விலை.

பிள்ளைகள் கேட்க வேண்டியது

ராயபுரத்தில் இருந்து வெளிநாடு போகும் மகனோ மகளோ, அங்குள்ள கடையில் திருப்பூர்ப் பனியனைப் பார்க்க நேரலாம். விலைச் சீட்டைப் பார்த்ததும் பெருமையாக இருக்கும். அதோடு நின்றுவிடக் கூடாது. இந்த விலையில் தைத்த கைக்கு எவ்வளவு போயிற்று? சாயம் போட்ட தண்ணீருக்கு எவ்வளவு போயிற்று? கடைக்காரருக்கு எவ்வளவு போயிற்று? இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும். விடை அங்கே முழுதும் கிடைக்காது. குமரப்பாவைப் போல ஊர் திரும்பித்தான் தேட வேண்டும்.

பிள்ளை வந்து இறங்கியதும், "என்ன சம்பளம் கிடைக்கும்?" என்றுதான் உறவினர் கேட்பார்கள். கடன் வாங்கிய வீட்டில் அது நியாயமான கேள்விதான். ஆனால் பெற்றோர் இன்னொன்றும் கேட்கலாம்:

"அங்கே இருந்து பார்த்தபோது, நம் ஊர் எப்படித் தெரிந்தது?"