வேகத்தைக் கட்டிப்போடும் கைகள்

மேடையில் கோப்பை, கைதட்டல், செல்ஃபி. கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் பாய, நான் எதிர்ப்பக்கம் நழுவிவிட்டேன். நீங்களும் வாருங்கள், சீக்கிரம்! பந்தயம் பார்க்க வந்தவர்கள் எட்டிப்பார்க்காத காட்சி ஒன்று, அணிகள் வண்டி நிறுத்தும் இந்த பேடாக்கின் கடைக்கோடியில் இப்போதுதான் தொடங்குகிறது. காலையிலிருந்து சீறிக்கொண்டிருந்த வண்டிகளை ஓர் அங்குலம்கூட அசையாதபடி லாரிக்குள் கட்டிப்போடும் வேலை. பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கிடைத்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இடம், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை. 1990-இல் திறந்த பந்தயத் தளம். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். இந்த லாரியின் அணி கோவையிலிருந்து வந்தது. இன்றிரவே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும்.

"ரேஸ் முடிஞ்சதுன்னு யாருங்க சொன்னது? வண்டி ஊரு போய்ச் சேர்ந்தாத்தான் முடிஞ்ச கணக்கு. ஏறி வாங்கக்கா!" என்று லாரிக்குள்ளிருந்து குரல் வருகிறது. தலைமை மெக்கானிக். இங்கே எல்லோருக்கும் அவர் பெரியண்ணா. நரைத்த மீசை, முழங்கை வரை கிரீஸ், கழுத்தில் ஈரத் துண்டு.

சாய்வுப் பலகையில் ஏறி உள்ளே போனால், அப்பப்பா, என்ன வெக்கை! நாள் முழுக்க வெயிலில் நின்ற தகரப் பெட்டி. பெட்ரோல், ரப்பர், வேர்வை, யாரோ பாதி தின்று வைத்த பரோட்டா எல்லாம் கலந்து ஒரே வாசனை. மூலையில் கையுறைகள் காய்கின்றன. சுவரில் ஒரு முருகர் படம், அதற்குக் கீழே டயர் அழுத்தம் குறித்த தாள்.

கீழே பாருங்கள், இதைக் காட்டத்தான் உங்களைக் கூட்டிவந்தேன். தரையின் நீளத்துக்கு அலுமினியப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். பட்டை நெடுக, ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக வட்டத் துளைகள், அவற்றை இணைக்கும் சிறு இடைவெளி. இதுதான் டை-டவுன் டிராக். இரும்பு வளையம் கோத்த சின்னக் குமிழ் ஒன்றைத் துளையில் இறக்கி, அரை அங்குலம் நகர்த்தி, அதன் பூட்டுப் பின்னை விட்டால் 'டிக்'. அவ்வளவுதான், ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். அடுத்த வாரம் வேறு அளவு வண்டி வந்தால் வளையத்தைக் கழற்றி நாலு துளை தள்ளி வைத்துக்கொள்ளலாம். விமானத்தில் நம் இருக்கைகளைத் தரையோடு பிடித்திருப்பதும் இதே வகைத் தடம்தான்! பெரியண்ணா அதைச் சொன்னதும் நான் ஒரு வளையத்தை எடுத்து டிக், டிக் என்று போட்டுக் கழற்றிப் பார்த்தேன். விட மனசே வரவில்லை.

சுவர்களிலும் தடம் உண்டு, வேறு வகை. எஃகுப் பட்டையில் நீள்சதுரத் துளைகள், பெல்ட்டின் நுனிக் கொக்கி நேரே உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். "தரையில இருக்கறது வண்டிக்கு, சுவத்துல இருக்கறது சாமானுக்கு" என்று பெரியண்ணா ஒரே வரியில் பாடத்தை முடித்துவிட்டார்.

"முன்னாடியெல்லாம் எப்படிங்கண்ணா?" என்று கேட்டது, குழுவின் கடைக்குட்டி. மீசை இப்போதுதான் அரும்புகிறது. பெரியண்ணாவுக்குச் சோழவரம் நினைவு வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில்தான் சென்னைப் பந்தயங்கள் நடந்தன. மாமாவோடு சின்னப் பையனாகத் திறந்த லாரியில் வந்தாராம். "தேங்காநார்க் கயிறு, சாக்கு, பழைய டயரு. வழி நெடுக நாங்களே பைக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். காத்தால பாத்தா பைக்கு நல்லா இருக்கும், எங்க கைதான் இருக்காது!" லாரியே குலுங்கியது சிரிப்பில்.

சிரிப்பு அடங்குவதற்குள் முதல் பைக் வந்துவிட்டது. ஒருவர் ஹேண்டிலைப் பிடிக்க, ஒருவர் பின்னால் தள்ள, ஒருவர் பக்கத்தில் காவல். பந்தய பைக்குக்குச் சைடு ஸ்டாண்டே கிடையாது, தெரியுமா? கழற்றி எறிந்துவிடுவார்கள். மூன்று பேரும் கையை எடுத்தால் தடாலென்று விழும். முன்சக்கரம் தரையில் பொருத்திய இரும்புக் கவ்விக்குள் போய் உட்கார, பெல்ட் வேலை ஆரம்பம்.

இனி மூச்சைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். கொக்கியை நேரே பைக்கில் மாட்டுவதில்லை, வண்ணம் சுரண்டிவிடும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கவ்வியைச் சுற்றி மெத்தென்ற துணி வளையம் ஒன்று. அதில் பெல்ட். பெல்ட்டின் மறுமுனை முன்னால், சற்றே வெளிப்புறமாகத் தரை டிராக்கில். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ராட்செட்டின் பிடியை ஆட்ட ஆட்ட 'கடக், கடக்' என்று பெல்ட் இறுகுகிறது. இந்தப் பக்கம் இரண்டு கடக், அந்தப் பக்கம் இரண்டு கடக். பைக் மெல்ல மெல்ல முன்னால் குனிகிறது.

கடைக்குட்டி ஆர்வக்கோளாறில் இன்னும் இரண்டு போடப் போக, "போதும் கண்ணு, போதும்!" என்று பெரியண்ணா கையைப் பிடித்தார். "ஃபோர்க்கு பாதி அமுங்கினாப் போதும். முழுசா அமுக்கிட்டா ஆயில் சீல் போயிரும். அமுக்காமலே விட்டா மொதப் பள்ளத்துலயே கொக்கி கழண்டுக்கும்." பையன் தலையாட்டினான். ஆனால் அவன் கண் ராட்செட்டை விட்டு நகரவில்லை. அவன் வயதில் எனக்கும் இப்படி ஒரு குரு வாய்த்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருந்தது!

பின்சக்கரத்துக்கு ஒரு பெல்ட் குறுக்கே. முடிந்ததா? இல்லை. மிச்சம் தொங்கும் பெல்ட் வாலை மடித்துச் செருகுகிறார்கள். முடிச்சு மட்டும் கூடவே கூடாது, முடிச்சுப் போட்ட இடத்தில் பெல்ட்டின் பலம் போய்விடும். விளிம்பில் அறுந்திருந்த ஒரு பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பெரியண்ணா, யாரையும் கேட்காமல் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். "முழுசா இருந்தா, அவசரத்துல எவனாவது எடுத்து மாட்டிருவான்." அந்த ஒரு வெட்டில் எத்தனை வருட அனுபவம்!

வெற்றி பெற்ற வீரர் இப்போதுதான் மேடையிலிருந்து வருகிறார். தோல் உடையை இடுப்புவரை உரித்துக் கட்டியிருக்கிறார், பனியன் பிழியலாம் போல் நனைந்திருக்கிறது. கோப்பையை டூல் பெட்டி மேல் வைத்துவிட்டு, ஒன்றுமே பேசாமல் தன் பைக்கின் சீட்டைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். பைக் அசையவில்லை, லாரி அசைந்தது. "சூப்பர்ணா" என்று பெரியண்ணாவின் தோளைத் தட்டினார். மேடையில் கேட்ட கைதட்டலைவிட அந்த ஒரு சொல் பெரியண்ணாவுக்குப் பெரிது, முகத்திலேயே தெரிந்தது.

அடுத்து ஃபார்முலா கார். மூக்கு தரையைத் தொடும் உயரத்தில் இருப்பதால் சாய்வுப் பலகை போதாது, கூடுதல் பலகைகள் முட்டுக்கொடுத்து நீட்டுகிறார்கள். "மூக்கு, மூக்கு! நிறுத்து!" என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒருவர் குப்புறப் படுத்துக்கொண்டு அடியில் டார்ச் அடிக்கிறார். அங்குலம் அங்குலமாக ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டோம், நானும்தான்.

காரைக் கட்டும் விதம் வேறு. பெல்ட் நான்கு டயர்களையும் அணைத்துக்கொண்டு தரை டிராக்கில் இறங்குகிறது, காரின் உடம்பைத் தொடுவதே இல்லை. சாலைக் குழிகளில் சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஆடட்டும், சக்கரம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தால் போதும். உடம்பைக் கட்டினால் ஒவ்வொரு குலுக்கலிலும் பெல்ட் தளர்ந்து இறுகும்.

பிறகு சில்லறைச் சாமான்கள். டயர்களை அடுக்கிச் சுவர்த் தடத்தில் ஒரு பெல்ட். டூல் பெட்டிகளுக்கு ஒன்று. காலி பெட்ரோல் கேன்களுக்கு ஒன்று. மின்விசிறி, மடக்கு நாற்காலி, கூடாரக் கம்பி, சாம்பார் வாளி! நாற்காலியைக் கட்டும்போது அதில் உட்கார்ந்திருந்த சமையல்காரரையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள் பையன்கள். "டேய், அவுத்து வுடுங்கடா, உங்களுக்கு நாளைக்கு டிபன் கிடையாது!" என்றதும்தான் ராட்செட் விடுபட்டது. மிச்சமிருந்த பெல்ட்டுகள் முறுக்கு போலச் சுருண்டு ஒரு பெட்டிக்குள் அடங்கின.

இவ்வளவும் ஏன் என்று டிரைவர் சொன்னார். ஊருக்குப் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது, விபத்துகளால் பெயர்போன இடம். அங்கே யாராவது குறுக்கே வந்து சடன் பிரேக் போட்டால், லாரி நின்றாலும் உள்ளே இருப்பது நிற்காது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள்: சுமையின் எடையில் 80 சதவீத விசை முன்பக்கமாகவும், 50 சதவீதம் பக்கவாட்டிலும் தாக்கினாலும் கட்டு தாங்க வேண்டும். 150 கிலோ பைக் என்றால் 120 கிலோ விசை முன்னால் இழுக்கும். அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பது டிரைவர். "அதனால கடைசி பெல்ட்டை எப்பவும் நாந்தான் தொட்டுப் பாப்பேன்" என்றார்.

கதவு சாத்தியாகிவிட்டது. முதல் டீ வரை நானும் வருகிறேன் என்று கெஞ்சிக் கேட்டு முன்னால் ஏறிக்கொண்டேன். வாலாஜாபேட்டைப் பக்கம் வண்டி நின்றதும் டீக்கு முன்னால் எல்லோரும் பின்கதவுக்கு ஓடினார்கள். கிளம்பிய கொஞ்ச தூரத்துக்குள் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டுமாம்; குலுங்கலில் எல்லாம் தன் இடத்தில் படிந்து உட்காரும், கட்டு லேசாகத் தளரும். கடைக்குட்டி ஒவ்வொரு பெல்ட்டையும் விரலால் சுண்டிக்கொண்டே போனான். 'டங், டங், டங்'. ஒன்றே ஒன்று 'தொப்' என்றது. பெரியண்ணாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் வாயே திறக்கவில்லை, டீயை ஊதிக்கொண்டு நின்றார். பையன் தானாகவே ராட்செட்டைப் பிடித்து இரண்டு கடக் போட்டான். மூன்றாவது போடவில்லை! மறுபடி சுண்டினான். டங்!

"இப்ப தொப்பூர் வரட்டும், பாத்துக்கலாம்" என்று டிரைவர் சாவியைச் சுழற்ற, கடைக்குட்டிக்கு அன்றைய முதல் டீ, பெரியண்ணாவின் கையால்.